பாதி வழியில் கைமாறும் பை

புது ஊருக்கு வந்து சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்த அன்றைக்கே சிட்டு கேட்டுவிட்டாள். "இங்க வீடியோ கடை எங்க இருக்கு?"

கேட்டது அம்மாவிடம். ஆனால் அட்டைப் பெட்டிக்கு அந்தப் பக்கம் குனிந்து வீடியோ டெக்கின் வயர்ச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் சட்டென்று நிமிர்ந்து, "நான் கண்டுபிடிச்சுத் தர்றேன்," என்று சொல்லிவிட்டார். ஊரில் எந்தத் தெரு எந்தப் பக்கம் போகிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. இருந்தாலும் வாய் முந்திக்கொண்டது.

பாவம், அவர் கஷ்டம் அவருக்கு. சிட்டுவின் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பதவி உயர்வு வந்து இந்த ஊர்க் கிளைக்கு மாற்றியபோது, லிஃப்ட் எல்லா ஊரிலும்தான் பழுதாகும் என்று இவரும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். அம்மாவிடம் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. பத்து வயது மகள்தான் பிடியே கொடுக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலோ எதிர்த்துப் பேசினாலோ கெஞ்சிக் கொஞ்சிச் சமாதானமாவது செய்யலாம். சிட்டு மரியாதையாக இருந்தாள். வங்கி மேனேஜரிடம் பேசுகிற மாதிரி அப்படி ஒரு மரியாதை.

"சித்தப்பான்னு கூப்பிடு," என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். சிட்டு தலையாட்டினாள், கூப்பிடவில்லை. நம் பேச்சில் இது ஒரு வசதி. ஒருவரை எதுவுமே கூப்பிடாமல் வருஷக்கணக்கில் காலம் தள்ளிவிடலாம். "இங்க பாருங்க", "அம்மா உங்களைக் கேக்கச் சொன்னாங்க", "சாப்பாடு ரெடியாம்" என்றே அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சிட்டுவின் அப்பா இறந்து இரண்டு வருஷம். சனிக்கிழமை தோறும் அப்பாவும் மகளும் கேசட் எடுக்கப் போவார்கள் என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். அந்த நடையில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது தெரியாது. அந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்றெல்லாம் அவர் பேராசைப்படவில்லை. சனிக்கிழமை ஒரு தெருவில் அவள் தன்னோடு சேர்ந்து நடந்தால் போதும், பேசிக்கொண்டே நடந்தால் இன்னும் நல்லது. அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்காக அவர் ஊரையே சல்லடை போட்டுச் சலிக்கத் தயாராக இருந்தார்.

முதல் சனிக்கிழமை அம்மா கடைக்குக் கிளம்பியதும் இவர்கள் இருவரும் புறப்பட்டார்கள். முதலில் போனது பெரிய சாலையில் இருந்த கம்பெனிக் கடை. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிறவர்கள். கண் கூசுகிற விளக்கு. ஒரு சுவர் முழுக்க ஒரே படத்தின் கேசட்டுகள். சிட்டு ஒரு கேசட்டை எடுத்துப் போய்ச் சீருடை போட்ட பையனிடம், "இந்தப் படம் முடிவு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"பின்னாடி எழுதியிருக்கும் பாரு பாப்பா," என்றான் அவன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

சிட்டு கேசட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். "இங்க யாரும் படமே பாக்கல," என்றாள்.

கம்பெனிக் கடை வேண்டாம், தனி ஆள் நடத்துகிற கடைதான் வேண்டும் என்று லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. அடுத்தது ஒரு சலவைக் கடை. உள்ளே துணி சுழன்றுகொண்டிருக்க, சுவரோரமாக இரண்டு அலமாரி நிறையக் கேசட். சிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். சலவைக் கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, யார் யாரைக் கொன்றார், அண்ணனாக வருகிறவர் உண்மையில் யார், கடைசியில் கார் எந்தப் பள்ளத்தில் விழுகிறது என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்து, "பிரமாதமான படம், எடுத்துட்டுப் போங்க," என்றார். இனி அதில் பார்க்க என்ன இருக்கிறது? சிட்டு நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். மூன்றாவதாக யாரோ சொன்ன கடை மாடியில் இருந்தது. ஏறிப் போனால் அங்கே இப்போது முடி வெட்டுகிறார்கள்.

திரும்பி வரும்போது சிட்டு இரண்டு அடி முன்னால் நடந்தாள். "பரவாயில்லீங்க, விடுங்க," என்று ஒரு தடவை சொன்னாள். அந்த மரியாதை அவர் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

விடுகிற ஆளா அவர்? அடுத்த வாரம் முழுக்க எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும், லிஃப்டைப் பார்ப்பதற்கு முன்னால் காவலாளியிடம், "பக்கத்துல தனியா நடத்தற வீடியோ கடை ஏதாவது இருக்கா?" என்று கேட்பதையே வழக்கமாக்கிக்கொண்டார். லிஃப்டில் மாட்டிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்த ஒரு வக்கீலிடம்கூடத் தண்ணீர் கொடுத்துவிட்டு இதைத்தான் கேட்டார். கடைசியில் அந்த வக்கீல்தான் வழி சொன்னார். பூட்டு சாவிக் கடைக்குப் பக்கத்துச் சந்து, கீழே இறங்குகிற படிக்கட்டு, பெயர்ப்பலகை கிடையாது.

சனிக்கிழமை இருவரும் படியிறங்கிப் போனால், தரைக்குப் பாதி கீழே ஒரு நீள அறை. ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. மேஜை விளக்கின் கீழே ஓர் அம்மாள் சின்னத் திருப்புளியால் ஒரு கேசட்டைப் பிரித்து, கசங்கிய நாடாவை நீவிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரை, கண்ணாடி மூக்கு நுனியில். அலமாரிகளில் கேசட்டுகள் அவளுக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒரு வரிசையில் இருந்தன.

சிட்டு ஒரு கேசட்டை நீட்டினாள். "இதுல முடிவு எப்படி இருக்கும்?"

கடைக்காரம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "படம்தான் வாடகைக்கு. முடிவைச் சொல்ற பழக்கம் இந்தக் கடையில இல்ல கண்ணு."

"நீங்க பாத்துருக்கீங்களா?"

"இங்க இருக்கறது எல்லாத்தையும் பாத்துருக்கேன். சொல்ல மாட்டேன்."

சிட்டுவின் முகம் மலர்ந்ததை லிஃப்ட்காரர் அந்த ஒரு வருஷத்தில் முதல் முறையாகப் பார்த்தார். அவள் கடைசி அலமாரிக்கு ஓடிப் போய் ஒவ்வொன்றாக உருவிப் பார்க்கத் தொடங்கினாள். இவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சந்தோஷம் தாங்காமல் கடைக்காரம்மாவிடம் வாயைத் திறந்தார்.

"எனக்குப் படம் பாக்கற பழக்கமெல்லாம் இல்லீங்க. உருப்படியாப் பாத்தது ஒரே ஒரு படம். ஒரு தியேட்டர்ல சாமான் ஏத்தற லிஃப்ட் ரிப்பேர். வேலை முடியற வரைக்கும் தினமும் பக்கத்துக் கதவுல நின்னு அதையே பாத்தேன். ஆத்துல தூக்குப் பாலம் இயக்கற ஒருத்தரோட கதை. பாலத்து மோட்டாரை எவ்வளவு சரியாக் காட்டியிருப்பான் தெரியுமா? கடைசியில அவர் பொண்ணு இருக்கற படகு வருது, இவர் பாலத்தைத் தூக்கறார், படகு நிக்காமலேயே..."

கடைக்காரம்மா திருப்புளியை உயர்த்தினாள். "போதும். இங்க வேண்டாம்." குரலைத் தாழ்த்தி, "இருக்கு. மேல் தட்டுல," என்றாள்.

லிஃப்ட்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்ல வேளை, சிட்டு அறையின் மறுகோடியில் இருந்தாள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

அன்று அவள் எடுத்தது மலையில் காணாமல் போன தன் தம்பியைத் தேடிப் போகிற ஒருவனின் கதை. சாயங்காலம் வீட்டில் மூவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். கதை உச்சத்துக்கு வந்து, பனியில் ஓர் ஆள் தூரத்தில் நடந்து வருவது தெரிகிற நேரத்தில், சிட்டு எழுந்து டெக்கை நிறுத்தினாள். "நான் விளையாடப் போறேன்," என்று படிக்கட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவும் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

லிஃப்ட்காரர் குழம்பினார். பாதியில் நின்ற எந்த இயந்திரத்தையும் அவர் அப்படியே விட்டுவிட்டுப் போனதில்லை. அது அவர் தொழில் தர்மம். மிச்சப் படத்தையும் ஓட்டி ஒழுங்காகப் பார்த்து முடித்தார். கேசட் பெட்டியில் 'முழுவதும் சுற்றித் திருப்பித் தரவும்' என்று ஒட்டியிருந்தது. அதையும் தலைமேல் ஏற்று, முதல் வரைக்கும் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

மறுநாள் மத்தியானம் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்கள். கேசட் போட்ட துணிப்பையைச் சிட்டுதான் வைத்திருந்தாள். இந்த முறை முன்னால் போகவில்லை, பக்கத்திலேயே நடந்தாள். தபால் நிலையத்தைத் தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு தானாகவே பேசினாள்.

"பனியில வந்தது தம்பிதான். அவன் அங்க ஒரு ஓநாய்க் குட்டி வளத்தான். அதனாலதான் கீழ வரல. இப்போ ரெண்டு பேரும் ஓநாயோட வீட்டுக்கு வருவாங்க. அவங்க அம்மா முதல்ல திட்டுவாங்க, அப்புறம் அதுக்குப் பால் ஊத்துவாங்க."

சொல்லிவிட்டுப் பையை அவரிடம் நீட்டினாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைக்குக் கை வலிக்கிறது போல என்று நினைத்துப் பையை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு சும்மா வந்திருக்கலாம். அந்த மனுஷருக்குத்தான் தவறாக இருக்கிற எதையும் கண்டால் சரிசெய்யாமல் இருக்க முடியாதே!

"இல்ல கண்ணு, அது தம்பி இல்ல. தேடப் போன கூட்டத்துல ஒருத்தர். தம்பி கிடைக்கவே மாட்டான். நேத்து நான் மிச்சத்தையும் பாத்துட்டேன்."

சிட்டு நின்றுவிட்டாள். அழுதிருந்தாலும் தேவலை. அவர் கையிலிருந்து பையை மெதுவாக வாங்கிக்கொண்டு, கடை வரைக்கும் முன்னால் நடந்தாள். கேசட்டை மேஜைமேல் வைத்தாள். வேறு எதையும் எடுக்காமல் திரும்பினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பாத்திரம் எடுத்து வைக்கும்போது அவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ, ஏங்க! உங்களுக்கு நான் சொல்லியிருக்கணும். அது அவங்க ரெண்டு பேரோட ரகசியம்னு நான் அதுல தலையிடவே இல்ல."

அவள் சொல்லச் சொல்லத்தான் அவருக்கு விளங்கியது. அப்பாவும் மகளும் எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததே இல்லை. நல்ல கட்டத்தில் நிறுத்திவிடுவார்கள். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில் ஆளுக்கொரு முடிவு சொல்ல வேண்டும். பை யார் கையில் இருக்கிறதோ அவர் முறை. பாதி வழியில் கைமாறும். உண்மையான முடிவு என்னவென்று தெரிந்துகொள்வதே ஆட்டத்தில் சேர்த்தி இல்லை.

"கடைசியா எடுத்த படத்துக்கு இவ சொல்லிட்டா. பையையும் குடுத்துட்டா. அவருக்கு அன்னைக்கே மூச்சு வாங்கிட்டிருந்தது. 'நாளைக்குச் சொல்றேண்டா'ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரி. அப்புறம் அவர் வரவே இல்ல. அந்தக் கேசட்டை நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் அவ யார்கிட்டயும் பையை நீட்டினதில்ல. உங்ககிட்டதான் முதல்ல."

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தன்னைத் தேடி வந்த ஒன்றைத் தானே தட்டிவிட்டோமே என்று அவருக்கு மாளாத வேதனையாக இருந்தது. உண்மையைச் சொல்லி ஒரு பிள்ளையின் மனசை உடைக்க முடியும் என்பது அவருக்கு இந்த வயசில்தான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை சிட்டு வரவில்லை என்றுவிட்டாள். அவர் மட்டும் படியிறங்கிப் போனார்.

"எந்த மாதிரிப் படம் வேணும்?" என்றாள் கடைக்காரம்மா.

"எனக்கு முடிவு தெரியாத படம்," என்றார்.

"ஒண்ணைத் தவிர எல்லாமே அப்படித்தானே உங்களுக்கு," என்று சிரித்து, ஒரு திருடன் கதையை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டில் அவரும் மனைவியும் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். சிட்டு வராந்தாக் கதவருகில் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கம் ஒன்றும் புரண்டதாகத் தெரியவில்லை. திருடன் பெட்டகத்துக்குள் கையை விடுகிறான், வெளியே காலடிச் சத்தம். லிஃப்ட்காரர் எழுந்து போய் டெக்கை நிறுத்தினார்.

"ஏங்க!" என்று கத்தினாள் மனைவி. அவளுக்கு நிஜமாகவே ஆத்திரம்.

"மிச்சத்தை நாளைக்கு வழியில சொல்றேன். வர்றவங்க வரலாம்," என்றார் அவர் பொதுவாக, சுவரைப் பார்த்து. கதவருகில் புத்தகம் மூடப்பட்ட சத்தம் கேட்டது.

மறுநாள் அவர் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டும்போது, பக்கத்தில் இன்னொரு ஜோடிச் செருப்பும் மாட்டப்பட்டது. இருவரும் தெருமுனை வரை போனார்கள். அவர் வாழ்நாளில் ஒரு கதை சொன்னவரில்லை.

"காலடிச் சத்தம் வந்துதா... அது போலீஸ் இல்ல. லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர். அவர் திருடனைப் பாத்துட்டு, 'தம்பி, கொஞ்சம் டார்ச் புடி'ன்னார். திருடனும் புடிச்சான். ரெண்டு பேருமா சேந்து கம்பிக்கு எண்ணெய் போட்டாங்க. வேலை முடிஞ்சதும் லிஃப்ட் சத்தமே இல்லாம நல்லா ஓடிச்சு." கொஞ்ச நேரம் யோசித்தார். "பிரேக்கும் சோதிச்சுப் பாத்தாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"திருடன் எதுக்குங்க எண்ணெய் போடணும்?" சிட்டுவால் பொறுக்க முடியவில்லை. "பணம் என்னாச்சு? பெட்டகம் திறந்தே கிடக்கே! இப்படியா ஒரு முடிவு சொல்லுவாங்க? குடுங்க!" பையை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சரிசெய்யத் தொடங்கினாள். காலடிச் சத்தத்தையே மாற்றினாள். திருடனுக்கு ஒரு தங்கையைக் கொடுத்தாள். லிஃப்ட் ரிப்பேர்காரரை மட்டும் ஏனோ தூக்கிவிடவில்லை. தங்கைக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலையை அவருக்குக் கொடுத்தாள்.

லிஃப்ட்காரர் ஒவ்வொன்றுக்கும் "சரி", "சரி" என்று தலையாட்டிக்கொண்டே நடந்தார். தங்கை தப்பித்துப் போவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று கடைக்கு ஒரு தெரு சுற்றிப் போனார்கள்.

கடையில் கேசட்டைக் கொடுத்த பிறகு சிட்டு கிளம்பவில்லை. வெறும் பையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பிறகு கடைக்காரம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். "ஆத்துல பாலத்தைத் தூக்கற ஒருத்தர் வருவாரே, அந்தப் படம் இருக்கா?"

கடைக்காரம்மாவின் கை திருப்புளியோடு அப்படியே நின்றது.

"அது நானும் அப்பாவும் கடைசியா எடுத்த படம்," என்றாள் சிட்டு. "என் முடிவை நான் சொல்லிட்டேன். அப்பா சொல்லல." அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க அதைப் பாத்துருக்கீங்களா?"

பார்த்திருக்கிறாரா! தியேட்டரின் பக்கத்துக் கதவில் நின்று அந்தப் படத்தின் ஒவ்வொரு பல்சக்கரத்தையும் மனப்பாடம் செய்தவர் அவர். படகு நிற்காது. பாலம் தூக்குகிறவர் கையசைப்பார், பெண் பார்க்காமலே போய்விடுவாள். அப்படியே அவர் கண்முன் நின்றது. லிஃப்ட் கயிறு தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்கிறது என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். சொல்லாமல் விட்டால் ஆபத்து என்று நம்புகிறவர். அவர் கடைக்காரம்மாவைப் பார்த்தார். அவள் கண்ணாடிக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல கண்ணு," என்றார் லிஃப்ட்காரர். "பாத்ததே இல்ல."

கடைக்காரம்மா முக்காலியைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து கேசட்டை எடுத்துத் தூசி தட்டினாள். "அருமையான படம்," என்று மட்டும் சொன்னாள். "ரெண்டு பேருமே பாத்ததில்லையா? நல்லதாப் போச்சு."

அன்று சாயங்காலமே பார்த்தார்கள். தூரத்தில் படகு வளைவு திரும்பும்போது சிட்டு நிறுத்தினாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வாசலிலேயே சிட்டு பையை அவரிடம் கொடுத்துவிட்டாள். "என் முறை ஆயிடுச்சு. வழி முழுக்க உங்களுதுதான்."

அவர் அவசரப்படவில்லை. தபால் நிலையம் வரைக்கும் பாலத்து மோட்டாரைப் பற்றியே பேசினார். ஈரம் இறங்கி அது எப்படி மக்கர் செய்தது, பாலக்காரர் தன் சட்டையைக் கழற்றி எப்படித் துடைத்தார் என்று சொன்னார். சிட்டு குறுக்கிடவில்லை. பூட்டு சாவிக் கடை கண்ணில் பட்டதும் அவர் நடையைக் குறைத்துக்கொண்டார்.

"பாலம் மேல போச்சு. படகு உள்ள வந்துது. பொண்ணு மேல்தட்டுல நின்னுட்டு அண்ணாந்து பாத்தா. அவர் அங்க இருக்கார்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ சொன்னதும் படகை நிறுத்திட்டாங்க." மூச்சை இழுத்துக்கொண்டார். "படகு நின்னுது சிட்டு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுது."

சிட்டு தரையைப் பார்த்தபடி சிறிது தூரம் நடந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அந்தப் பொண்ணு ஏறி மேல போனாளா?"

"போனா. அங்க லிஃப்ட் இருந்துது."

சிட்டு களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் சட்டைக் கையை இழுத்து அதில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வங்கி மேனேஜர் சட்டையில் யாரும் மூக்கைத் துடைப்பதில்லை.

கடையில் கேசட்டை அவளே மேஜைமேல் வைத்தாள். "சித்தப்பா முடிவுல படகு நின்னுடுச்சு," என்றாள்.

கடைக்காரம்மா லிஃப்ட்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே நடந்துபோகிற கால்களை மும்முரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"நிக்கட்டும்," என்றாள் அவள். கேசட்டை வாங்கி, முதல் வரைக்கும் சுற்றுவதற்காக இயந்திரத்தில் போட்டாள்.